இருபத்தொன்பது டிகிரி

இல்லை அக்கா, நான் தையல்காரி இல்லை. இதைப் பார்த்தால் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். இரண்டு ஸ்கேலை ஓர் ஆணியில் சேர்த்த மாதிரி இருக்கிறது, நடுவில் வட்டம், வட்டத்தைச் சுற்றி எண்கள். இதற்குக் கோணமானி என்று பெயர். நான் பிசியோதெரபி படித்தவள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனது நான்தான். அதனால் எதையும் பயந்து பயந்துதான் செய்வேன், இரண்டு தடவை பார்த்துத்தான் எழுதுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

எதை அளப்பேன் என்றா? பரதம் ஆடுகிற பிள்ளைகளின் இடுப்பை. சிரிக்காதீர்கள், சுற்றளவு இல்லை. தொடை எலும்பின் தலை இடுப்பில் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சிலருக்கு அது நன்றாக வெளிப்பக்கம் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம்தான் திரும்பும். பிறக்கும்போதே வருவது. பயிற்சியில் சதை வளையும், எலும்பு வளையாது. பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, காலை மெதுவாகச் சாய்த்து, அது எங்கே நிற்கிறதோ அங்கே இதை வைத்து எண்ணைப் படிக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான். படிப்பது, எழுதுவது.

நான் இறங்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. சொல்கிறேன். ஜன்னலை மூடிக்கொள்ளுங்கள், புழுதி.

கோவில்பட்டியில் கோமளா டீச்சர் என்று ஒருவர் நடனப் பள்ளி வைத்திருக்கிறார். அறுபது பிள்ளைகள் படிக்கிறார்கள். அரைமண்டி பார்த்திருப்பீர்கள், முழங்காலை இரண்டு பக்கமும் விரித்து, பாதி உட்கார்ந்த மாதிரி நிற்பார்களே, அது. பரதத்தில் பாதி நேரம் அப்படித்தான் ஆட வேண்டும். நன்றாகத் தாழ உட்கார்ந்தால்தான் ஆட்டம் என்று ஒரு கணக்கு. டீச்சர் அதற்குக் கயிறு கட்டியிருந்தார். சுவருக்குச் சுவர் மூன்று கயிறு. பிள்ளைகளின் உயரத்தில் கால் பங்கைக் கழித்து, அந்த மட்டத்தில். ஒவ்வொரு கயிற்றிலும் சலங்கை மணிகள். ஆடும்போது தலை உயர்ந்து கயிற்றில் பட்டால் மணி அடிக்கும். அடித்தால் முதலிலிருந்து ஆட வேண்டும்.

முழங்கால் வீங்கி ஒரு பிள்ளை நின்றுபோனது. அடுத்த வருடம் இன்னொன்று. இடுப்பு திரும்பாத பிள்ளைகள் என்ன செய்யும் என்றால், பாதத்தை மட்டும் திருப்பிக்கொள்ளும். பார்க்க சரியாகத் தெரியும். நடுவில் மாட்டிக்கொண்ட முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

டீச்சர் கெட்டவர் இல்லை அக்கா. அவரே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஜெயராணி, என்னை எப்படி அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்களோ அப்படியேதான் நானும் சொல்லிக் குடுத்தேன். எலும்பைப் பத்தி எனக்கு யாரும் சொல்லல. நீ சொல்லு, நான் மாத்திக்கறேன்."

ஐம்பத்தெட்டு வயதில் இப்படிச் சொல்கிறவர்கள் எத்தனை பேர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் வந்து எல்லாப் பிள்ளைகளையும் அளந்து, யார் யாருக்கு எப்படிச் சொல்லித் தரலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உடம்புக்கு ஏற்ற ஆட்டம். டீச்சர் அந்த வார்த்தையைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டினார்கள்.

கயிற்றை அவிழ்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஸ்டூலில் ஏறி அவிழ்த்தது மாரிச்செல்வி. பதினாலு வயது, அந்தப் பள்ளியிலேயே உயரமான பிள்ளை, அதிகமாக மணி அடித்த தலையும் அவளுடையதுதான். டீச்சர் அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார். அவிழ்த்த மணியைக் கையில் சுற்றிக்கொண்டு குதித்தாள். "டீச்சர், கொக்குக்கு இன்னிக்கு விடுதலை." டீச்சர்கூடச் சிரித்துவிட்டார்.

மாரிச்செல்வி எப்படி ஆடுவாள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு ஆட்டம் தெரியாது. ஒரு பாட்டில் ஒருத்தி யாரையோ தேடிக்கொண்டே போவாள், கடைசியில் தேடுவதை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். மாரிச்செல்வி உட்கார்ந்தால் பார்க்கிற நமக்குக் கால் வலிக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும். நவராத்திரிக்கு அந்தப் பாட்டைத் தனியாக அவளுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். டவுன் பிள்ளைகளை எல்லாம் விட்டுவிட்டு இவளுக்கு.

அவளுடைய அப்பா சுடலைமுத்து அண்ணாச்சி டைல்ஸ் ஒட்டுகிறவர். அந்தப் பள்ளியின் தரையைப் போட்டது அவர்தான். மகளைக் கூட்டி வந்தபோது அவள் ஜன்னல் வழியாகப் பார்த்து ஆடியதை டீச்சர் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். எங்கள் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் இரண்டு மைல்தான். எங்கள் அப்பாவும் அவரும் சேர்ந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். இதைக் கவனியுங்கள் அக்கா, இதுதான் முக்கியம். தெரிந்த பிள்ளை, நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளையிடம்தான் நாம் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். சலுகை காட்டினாள் என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அளந்தேன். அறுபது பேர். அட்டவணை போட்டேன். நாற்பதுக்கு மேல் பச்சை, முப்பதிலிருந்து நாற்பது வரை மஞ்சள், முப்பதுக்குக் கீழே சிவப்பு. அந்த முப்பதை யார் சொன்னார்கள் என்றா? நான்தான் வைத்தேன். எங்கே கோடு போட வேண்டும் என்று நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கேயாவது போட வேண்டும் இல்லையா.

பச்சை என்றால் வழக்கம்போல் சொல்லித் தரலாம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் பாதத்தை முழுக்கத் திருப்பச் சொல்லக் கூடாது, அவ்வளவு தாழ உட்காரச் சொல்லக் கூடாது, அந்தப் பிள்ளையின் அரைமண்டி கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும், அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆடக் கூடாது என்று இல்லை. இதையெல்லாம் கீழே எழுதியிருந்தேன். நிறம் மேலே பெரிதாக இருந்தது, இது கீழே சின்ன எழுத்தில் இருந்தது. ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

மாரிச்செல்விக்கு வலது முப்பத்தொன்று, இடது இருபத்தொன்பது. இரண்டில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். சிவப்பு.

அவள் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள், அதனால் அவளைத்தான் முதலில் அளந்தேன். காலை ஆறே முக்கால். பிள்ளைகள் இன்னும் ஆட ஆரம்பிக்கவில்லை.

சிவப்பு மொத்தம் நாலு பேர். இல்லை, ஐந்து, பிறகு நாலு. சிரவ்யா என்று டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு முதலில் இருபத்தெட்டு வந்தது. அன்று சாயங்காலமே அந்த டாக்டர் அம்மா போன் செய்தார்கள். "அவ கார்ல ஏசியில வந்தாம்மா, மசில்ஸ் டைட்டா இருந்திருக்கும். வார்ம் அப் பண்ணிட்டு ஒரு தடவை பாருங்களேன்." அவர்கள் சொன்னதில் தப்பில்லை. சூடு ஏறிய பிறகு அளந்தால் நாலைந்து டிகிரி கூடும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரை மணி நேரம் ஆடவைத்து, வேர்வையோடு அளந்தேன். முப்பத்துமூன்று. மஞ்சள் ஆக்கினேன். நான் அளந்ததைத்தான் எழுதினேன், அளக்காததை எழுதவில்லை.

டீச்சர் அட்டவணையைக் கயிறு கட்டியிருந்த ஆணியிலேயே மாட்டினார். ஒரு வாரத்தில் பிள்ளைகள் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். "ஏட்டி மஞ்சள், தள்ளி நில்லு." "போடி, நீ மட்டும் பச்சையா?" விளையாட்டாகத்தான். சேர்க்க வருகிற பெற்றோர்கள் முதல் கேள்வியே, "என் பொண்ணு என்ன கலர்ங்க?" நிகழ்ச்சிக்கு முன்வரிசை முழுக்கப் பச்சை. டீச்சர் வேண்டுமென்று செய்யவில்லை. பார்க்கிற இடத்தில் தொங்குகிறது, கண் போகிறது.

ஆகஸ்ட் கடைசியில் டீச்சர் மாரிச்செல்வியைக் கூப்பிட்டு, நவராத்திரிப் பாட்டைச் சிரவ்யா ஆடட்டும், நீ என் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடு என்றார்.

"ஒன்னைக் காப்பாத்தத்தான்டி சொல்றேன். ஒன் எலும்பு அதுக்கு இல்லையாம். நான் முந்தி மாதிரி இருந்தா ஒன்னைப் போட்டு அமுக்கியிருப்பேன்."

என் எதிரில்தான் சொன்னார். நான் கீழே எழுதியிருந்ததை எடுத்துச் சொல்லியிருக்கலாம். உயரமாக நின்று ஆடலாம் டீச்சர், ஆடக் கூடாது என்று நான் எழுதவில்லை டீச்சர் என்று. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது அவருடைய பள்ளி. எந்தப் பாட்டை யார் ஆட வேண்டும் என்பது என் வேலை இல்லை. அதிலும் அந்தப் பிள்ளைக்காகப் பேசினால் என்ன சொல்வார்கள்? ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள் என்பார்கள்.

அடுத்த வாரம் அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தார். கை முழுக்கச் சிமெண்ட் காய்ந்திருந்தது.

"தாயி, நம்ம பிள்ளைக்குச் செவப்பு போட்டிருக்காமே."

"ஆமா அண்ணாச்சி."

"ஒரு டிகிரிதான் கொறையுதாமே. நாங்க டைல்ஸ்ல ரெண்டு மில்லி கொறைஞ்சா ஸ்பேசர் வச்சுச் சரி பண்ணிருவோம்."

"எலும்புல ஸ்பேசர் வைக்க முடியாது அண்ணாச்சி."

அவர் சிரித்துவிட்டார். "அதுஞ்சரிதான். நீ படிச்ச பிள்ள, உள்ளத உள்ளபடி எழுதுத. எங்களுக்கு என்ன தெரியும்." பஸ் ஏறும்வரை என் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு திருப்தி. சிபாரிசுக்கு இடம் கொடுக்கவில்லை.

பிறகு மாரிச்செல்வியே வந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, அளக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பாவாடை நனைந்து ஒட்டியிருந்தது.

"அக்கா, இன்னொரு தடவ அளங்க. ஒரு மணி நேரமா ஆடிட்டு வாரேன். வேர்வையோட இருக்கேன் பாருங்க."

"அடுத்து ஜூன்லதான் மாரி. வருஷத்துக்கு ஒரு தடவதான்."

"சிரவ்யாவுக்கு ரெண்டு தடவ அளந்தீங்களே."

"அது அவங்க அம்மா எழுதிக் கொடுத்துக் கேட்டாங்க."

எழுதிக் கொடுக்கவில்லை, போனில்தான் கேட்டார்கள். அந்த நேரத்தில் வாயில் அப்படி வந்துவிட்டது. அது ஒன்றுதான் நான் சொன்ன பொய், வேறு எதுவும் இல்லை.

அவள் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தாள். "கயிறே பரவால்லக்கா. குனிஞ்சா மணி அடிக்காது. இதுக்கு எங்கிட்டுக் குனிய?" கோபமாகச் சொல்லவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். ஜூன் வரைக்கும் பொறுத்துக்கொள் என்றேன். சரிக்கா என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாரிச்செல்வி வீட்டில் மல்லாந்து படுத்து, இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்து, முழங்கால்களைத் தவளை மாதிரி விரித்து, ஒவ்வொரு முழங்காலிலும் டைல்ஸ் அடுக்கியிருக்கிறாள். அப்பா வேலை முடிந்து மிஞ்சியது வீட்டில் எப்போதும் கிடக்கும். முதல் நாள் ஒவ்வொன்று. அப்புறம் இரண்டிரண்டு. டைல்ஸ் எண்ணிக்கையும் தேதியும் நோட்டில் எழுதியிருக்கிறாள், கோடு போட்டு, என் அட்டவணை மாதிரியே. அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை, வர ஆறு மணி ஆகும். செப்டம்பர் இருபதாம் தேதி வந்து பார்த்தபோது பிள்ளை எழுந்திருக்க முடியாமல், முழங்காலில் டைல்ஸோடு அப்படியே கிடந்திருக்கிறாள். யாரையும் கூப்பிடவில்லை. தள்ளிவிட்டால் டைல்ஸ் உடைந்துவிடும், அப்பா திட்டுவார் என்று படுத்திருந்தாளாம்.

இடது இடுப்பில், கிண்ணத்தின் விளிம்பில் இருக்கிற சவ்வு கிழிந்திருந்தது.

தண்ணீர் இருக்கிறதா அக்கா? ஒரு வாய் போதும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டீச்சரும் வந்திருந்தார், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளைடி, நாம முன்னாடியே சிவப்பு போட்டிருந்தோம். இல்லாட்டி மேடையில ஆடும்போது ஆயிருக்கும்" என்றார். நான் ஆமாம் டீச்சர் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அண்ணாச்சி அதைக் கேட்டுவிட்டு எனக்குக் கும்பிடு போட்டார். பெற்ற பிள்ளை உள்ளே படுத்திருக்கிறது, அவர் எனக்குக் கும்பிடு போடுகிறார். "நீ அன்னைக்கே சொன்ன தாயி. அவதான் கேக்கல."

உள்ளே போனேன். மாரிச்செல்வி என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இப்ப எத்தனைக்கா இருக்கும்?"

வலியில் இருக்கிற காலை அளக்கக் கூடாது, நான் அளக்கவில்லை.

எட்டு மாதம் ஆகிவிட்டது. நடக்கிறாள், நன்றாகவே நடக்கிறாள். தரையில் சம்மணம் போட முடியாது, அவ்வளவுதான். பத்தாவது எழுதியிருக்கிறாள். என் அட்டவணையை டீச்சர் இன்னும் இரண்டு பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறார். சாத்தூரிலிருந்துகூட ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் அம்மாவுக்குப் பெருமை.

ஏன் மறுபடி அளக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். வேர்வையோடு வந்து நின்ற பிள்ளையை அன்றைக்கு அளந்திருந்தால் முப்பத்துமூன்றோ முப்பத்துநாலோ வந்திருக்கும். எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, டீச்சரிடமும் இல்லை, அண்ணாச்சியிடமும் இல்லை. நீங்கள் தெரியாதவர், நான் இறங்கிப் போய்விடுவேன். ஆனால் நினைத்துப் பாருங்கள் அக்கா. வேறு யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அளந்திருப்பேன். நம்ம பிள்ளை என்பதால்தான் முடியவில்லை.

இப்போது அவர்கள் வீட்டுக்குத்தான் போகிறேன். ஆமாம், அதனால்தான் இதை எடுத்து வந்தேன். சின்னவள் ஒருத்தி இருக்கிறாள், முத்துமீனா, எட்டு வயது. ஜூனில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். மாரிச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வீட்டிலேயே அவளுக்குச் சொல்லித் தருகிறாளாம். அண்ணாச்சி போன வாரம் போன் செய்தார். "ஒரு தடவ வந்து அளந்து சொல்லிரு தாயி. பச்சைன்னா சேத்துவிடுதேன். செவப்புன்னா இப்பவே வேண்டாம்னு சொல்லிருவோம். ஒரு பிள்ளைக்கு ஆசை காட்டினது போதும்."

பிள்ளையின் முழு வாழ்க்கையையும் என் எண்ணில் வைத்துவிட்டார். எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

ஒரு நிமிஷம் அக்கா, போன்.

மாரிச்செல்விதான். எங்கே வருகிறீர்கள் என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "காலையில இருந்து சின்னவள ஆட விட்டிருக்கேங்க்கா. நல்லா வேர்த்துருச்சு. நீங்க வந்து நிக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். வந்த உடனே அளந்துருங்க." சாதாரணமாகத்தான் சொன்னாள். வீட்டுக்கு வருகிறவரிடம் டீ போட்டு வைக்கிறேன் என்று சொல்கிற மாதிரி.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அதுதான் எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. சூடாக அளந்து மஞ்சள் வந்தால் நல்லதுதான். ஆனால் பெரியவளுக்கு ஆறின காலை அளந்தாய், சின்னவளுக்கு மட்டும் என்ன என்று அண்ணாச்சி கேட்டால் என்ன சொல்வது? அவர் கேட்க மாட்டார். ஆனால் கேட்டால்? ஒரே வீட்டில் இரண்டு விதமாக அளக்க முடியுமா? அட்டவணை என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சிரவ்யாவா? அது வேறு அக்கா, அவர்கள் கேட்டார்கள்.

அப்படிப் பார்க்காதீர்கள்.

அதோ, நிறுத்தத்தில் அண்ணாச்சி வண்டியோடு நிற்கிறார், நீலச் சட்டை. எனக்காக வேட்டியை இறக்கிவிட்டுக்கொள்கிறார் பாருங்கள். நான் வருகிறேன். பயப்படும்படி ஒன்றும் செய்ய மாட்டேன். ஓடியாடி வந்த பிள்ளையை உடனே அளக்கக் கூடாது, கொஞ்ச நேரம் நிழலில் உட்காரவைக்க வேண்டும். ஒரு அரை மணி நேரம். பாவம், காலையிலிருந்து ஆடுகிறது, அதற்கும் மூச்சு வாங்கும் இல்லையா.